ரத்தத்தை அழிக்கிறார்கள், அரிவாளை விட்டுவிடுகிறார்கள்

2023 ஆகஸ்டில் ‘ஜெயிலர்’ வெளியானபோது, தலை துண்டாகும் காட்சி உள்ள படத்துக்கு ‘யு/ஏ’ சான்றிதழ் கொடுத்தது தவறு, அதை ரத்து செய்ய வேண்டும் என்று ஒரு வழக்கறிஞர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். மனு தள்ளுபடியானது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2025 ஆகஸ்டில், அதே நட்சத்திரம் நடித்து அதே நிறுவனம் தயாரித்த ‘கூலி’க்கு ‘ஏ’ சான்றிதழ் கிடைத்தது. இம்முறை தயாரிப்பு நிறுவனமே அதே நீதிமன்றத்துக்குப் போனது. ‘கே.ஜி.எஃப்.’, ‘பீஸ்ட்’ போன்ற படங்களுக்கு ‘யு/ஏ’ கொடுத்துவிட்டு எங்களுக்கு மட்டும் ‘ஏ’ கொடுப்பது என்ன நியாயம் என்று கேட்டது. அந்த மனுவும் தள்ளுபடியானது.

ஒருவர் எழுத்தை ஏற்றச் சொல்கிறார், இன்னொருவர் இறக்கச் சொல்கிறார். இரண்டு வழக்குகளும் ஓர் எழுத்தைப் பற்றியவை. அந்தப் படங்களில் யார் யாரை அடிக்கிறார், அடிபட்டவர் என்ன ஆகிறார், அந்த அடியைப் பார்வையாளர் எந்தப் பக்கம் நின்று பார்க்கிறார் என்ற கேள்விகள் அந்தச் சண்டையில் எங்கும் இல்லை. சமூக ஊடகங்களில் நாம் போட்ட சண்டையிலும் இல்லை.

வெகுசனத் தமிழ் சினிமாவின் சண்டைக் காட்சிகளைத்தான் நான் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். “அடிதடிப் படத்தில் ஆய்வு செய்ய என்ன இருக்கிறது?” என்று கேட்காதவர்கள் குறைவு. ஒரு சமூகம் எந்த வன்முறையைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கலாம் என்று முடிவு செய்கிறது, எதை மறைக்கச் சொல்கிறது என்பது அந்தச் சமூகத்தைப் பற்றிச் சொல்லும் செய்தி. இந்தியாவில் அந்த முடிவை எடுப்பது மத்திய திரைப்படச் சான்றிதழ் வாரியம். 1983 வரை அதன் பெயரிலேயே தணிக்கை இருந்தது. பெயர் மாறியது, வேலை மாறவில்லை. நாம் இன்றும் சென்சார் என்றுதான் சொல்கிறோம். மக்கள் வைத்திருக்கும் பெயர்தான் பொருத்தமானது.

வெட்டு எங்கே விழுகிறது?

ஒரு சண்டைக் காட்சியை எடிட்டிங் மேசையில் வைத்துப் பிரித்தால் மூன்று துண்டுகள் கிடைக்கும். முதலாவது, அடி: கை ஓங்குவது, அரிவாள் சுழல்வது. இரண்டாவது, காயம்: அந்த அரிவாள் உடலில் இறங்குவது. மூன்றாவது, விளைவு: அடிபட்டவர் துடிப்பது, சாவது, அவருக்காக யாரோ அழுவது.

வாரியத்தின் பார்வை எப்போதும் இரண்டாவது துண்டில் விழுகிறது. ரத்தத்தைக் குறை, காயத்தின் நெருக்கக் காட்சியை நீக்கு, குத்தும் இடத்தை மங்கலாக்கு, இத்தனை விநாடியை இத்தனை விநாடியாகச் சுருக்கு. வெட்டுப் பட்டியல்கள் இந்த மொழியில்தான் எழுதப்படுகின்றன. அளவுகோல் விநாடி, ரத்தம், சொல். முதல் துண்டில் ரத்தம் இல்லை. அது அசைவு, அழகு, நாயகனின் ஸ்டைல். அதனால் அது தப்பித்துவிடுகிறது. மூன்றாவது துண்டை வாரியம் வெட்டச் சொல்வது குறைவு. காயம் போனபின் விளைவுக்குப் படத்தில் இடமில்லை என்று இயக்குநரும் எடிட்டருமே அதைக் கழித்துவிடுகிறார்கள்.

மிஞ்சுவது என்ன? ஓங்கிய கை, காற்றைக் கிழிக்கும் ஒலி, பறந்து போய் விழும் அடியாட்கள். ரத்தம் சுவரில் தெறிக்கும், உடலில் தெரியாது. கொலை நிழலில் நடக்கும், அல்லது அரிவாள் இறங்கும் கணத்தில் கேமரா நாயகனின் முகத்துக்குப் போகும். வெட்டுப்பட்டவனின் முகம் நமக்கு வரவே வராது. இவற்றில் பலவற்றை நாம் இயக்குநரின் அழகியல் என்று சிலாகிக்கிறோம். சில இடங்களில் அது உண்மை. பல இடங்களில் அது படப்பிடிப்புத் தளத்திலேயே வாரியத்தை மனதில் வைத்து எடுக்கப்பட்ட மாற்று ஷாட். ஆய்வுக்காக நான் பேசிய உதவி எடிட்டர்களுக்கு இது அன்றாட வேலை. காயம் தெரியும் ஷாட் ஒன்று, தெரியாத ஷாட் ஒன்று என இரண்டும் கைவசம் இருக்கும். சென்சார் முடிந்து வந்து அலையாமல் இருக்க, பல நேரம் இரண்டாவதைத்தான் முதலிலேயே ஒட்டிவிடுவார்களாம். அப்படி முன்கூட்டியே போன காட்சிகள் எந்த வெட்டுப் பட்டியலிலும் வராது. வாரியத்தின் உண்மையான அதிகாரம் அது வெட்டிய விநாடிகளில் மட்டும் இல்லை, எடுக்கப்படாமலே போன ஷாட்டுகளில் இருக்கிறது.

ஓர் எழுத்தின் விலை

இயக்குநர்கள் ஏன் இவ்வளவு இறங்கிப் போகிறார்கள்? காரணம் பயம் மட்டும் இல்லை, கணக்கு.

தமிழ்நாட்டில் 2006 முதல் தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு இருந்தது. 2011-இல் அன்றைய அரசு அதோடு இன்னொரு நிபந்தனையைச் சேர்த்தது: படம் ‘யு’ சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். அன்று முதல் 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வரும்வரை, ‘யு’ என்ற எழுத்துக்கு வசூலில் நேரடியான விலை இருந்தது. அடிதடிப் படம் எடுத்தவரும் ‘யு’ வாங்கியாக வேண்டும். அந்த ஆண்டுகளின் படங்களைத் தொடர்ச்சியாகப் பாருங்கள். தாதாக் கதை, பழிவாங்கும் கதை, போலீஸ் கதை என எல்லாம் ‘யு’. துப்பாக்கிச் சூடுகளும் பிணங்களும் நிறைந்த ‘கபாலி’ 2016-இல் ‘யு’ சான்றிதழோடுதான் வந்தது. எண்ணிக்கையில் கொலைகள் குறையவில்லை. கொலை எப்படித் தெரிய வேண்டும் என்பது மட்டும் மாறியது.

வரி போனது, தொலைக்காட்சி இருந்தது. ‘ஏ’ சான்றிதழ் பெற்ற படத்தை அப்படியே தொலைக்காட்சியில் ஒளிபரப்ப முடியாது. மறுபடி வெட்டி, மறுபடி விண்ணப்பித்து, வேறு சான்றிதழ் வாங்க வேண்டும். வாங்க முடியாமலும் போகலாம். மலையாளத்தில் ‘ஏ’ சான்றிதழோடு ஓடிய ‘மார்கோ’வுக்கு, தொலைக்காட்சிக்கான சான்றிதழை 2025-இல் வாரியம் மறுத்தது. ஆக ஒரு தயாரிப்பாளருக்கு ‘ஏ’ என்பது வயது பற்றிய அறிவிப்பு இல்லை, தொலைக்காட்சி உரிமைப் பணத்தில் விழும் அடி. விடுமுறை நாளில் குடும்பத்தோடு வரும் கூட்டத்தில் விழும் அடி. அதனால் ‘ஏ’ ஒரு தண்டனையாகிறது. தண்டனையைத் தவிர்க்க எதை வெட்டவும் ஆள் தயார்.

கத்தரியை வாரியம் வைத்திருக்கிறது, கையை அசைப்பது சந்தை. இதை மறந்துவிட்டு வாரியத்தை மட்டும் திட்டினால் தயாரிப்பாளர்கள் கருத்துச் சுதந்திரப் போராளிகள் ஆகிவிடுவார்கள். வெளிநாட்டு வெளியீடுகளைப் பார்த்தால் இது தெரியும். ‘லியோ’வுக்கு இந்தியாவில் ரத்தம் குறைத்து ‘யு/ஏ’ வாங்கினார்கள். பிரிட்டனில் அதன் விநியோக நிறுவனம், வெட்டு இல்லாத முழு வடிவத்தைத் தருகிறோம் என்று அதையே விளம்பரமாக்கியது. ரத்தம் எங்கே விற்கும், எங்கே விற்காது என்பதைச் சந்தை நன்றாக அறிந்து வைத்திருக்கிறது.

இது இந்தியாவின் நோய் மட்டும் இல்லை

அமெரிக்காவில் இந்த வேலையை அரசு செய்வதில்லை. பெரிய ஸ்டுடியோக்களின் சங்கமே 1968 முதல் தர வரிசை கொடுக்கிறது. ஆனால் எடிட்டிங் மேசையில் நடப்பது ஏறக்குறைய இதேதான். 1976-இல் ‘டாக்ஸி டிரைவர்’ படத்தின் இறுதித் துப்பாக்கிச் சூட்டுக்கு ‘எக்ஸ்’ தரம் வரும் என்ற நிலையில், மார்ட்டின் ஸ்கார்செஸி ரத்தத்தின் நிறத்தை மங்கச் செய்து ‘ஆர்’ வாங்கினார். 2003-இல் ‘கில் பில்’ முதல் பாகத்தின் பெரிய வாள் சண்டையில் பெரும்பகுதி அமெரிக்கத் திரைகளில் கறுப்பு வெள்ளையில் ஓடியது. ஜப்பானிய வடிவத்தில் அது வண்ணத்தில் இருந்தது.

1984-இல் ‘பி.ஜி.-13’ என்ற புதிய தரம் வந்தது. பெற்றோருக்கு எச்சரிக்கை, ஆனால் பதின்ம வயதினருக்குத் தடை இல்லை. ஏறக்குறைய நம்முடைய ‘யு/ஏ’ மாதிரி. ஹாலிவுட் அடிதடிப் படங்கள் அந்தப் பெட்டிக்குள் குடியேறின. 1988-இல் ‘ஆர்’ தரத்தில் தொடங்கிய ‘டை ஹார்ட்’ வரிசையின் நான்காவது படம், 2007-இல், ‘பி.ஜி.-13’ஆக வந்தது. நாயகன் அதே நாயகன். சுடுவதும் குறையவில்லை. ரத்தமும் வசவும் குறைந்தன.

2013-இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ என்ற குழந்தை மருத்துவ ஆய்விதழில் வந்த ஆய்வு இதை எண்ணிப் பார்த்தது. அதிக வசூல் செய்த ‘பி.ஜி.-13’ படங்களில் துப்பாக்கி வன்முறை 1985-இல் இருந்ததைவிட மூன்று மடங்குக்கு மேல் கூடியிருந்தது. 2012-இல் அது ‘ஆர்’ படங்களில் இருந்ததையும் தாண்டியிருந்தது. குழந்தைகளைக் காப்பதாகச் சொன்ன ஏற்பாடு, குழந்தைகள் பார்க்கும் படங்களைத் துப்பாக்கியால் நிரப்பியது. ஏனென்றால் அது துப்பாக்கியை எண்ணவில்லை, ரத்தத்தை எண்ணியது.

விதிப்புத்தகம் வேறு சொல்கிறது

வாரியத்தின் கையில் இருக்கும் வழிகாட்டு நெறிகள் 1991 டிசம்பரில் வெளியிடப்பட்டவை. வன்முறை பற்றி அதில் உள்ள பகுதியை ஒவ்வொரு சினிமா ரசிகரும் ஒருமுறை படிக்க வேண்டும். தேவையற்ற வன்முறை கூடாது என்கிறது. அதோடு நிற்கவில்லை. பொழுதுபோக்கையே முதன்மை நோக்கமாகக் கொண்ட வன்முறைக் காட்சிகளும், மனிதர்களை உணர்வு மரத்துப்போகச் செய்யும், மனிதத்தன்மையை இழக்கச் செய்யும் காட்சிகளும் கூடாது என்கிறது. வன்முறையைப் போற்றவோ நியாயப்படுத்தவோ கூடாது என்கிறது. படத்தைத் துண்டு துண்டாக அல்லாமல், முழுமையாக, அதன் ஒட்டுமொத்தத் தாக்கத்தை வைத்து மதிப்பிட வேண்டும் என்றும் சொல்கிறது.

இந்த நெறியை உண்மையாகவே பின்பற்றினால் எது நிற்கும், எது விழும்? ஐம்பது பேரை ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல் அடித்துப் போட்டுவிட்டு, கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டு நடக்கும் நாயகன்தான் முதலில் விழ வேண்டும். அதுதான் பொழுதுபோக்குக்கான வன்முறை. அதுதான் உணர்வை மரக்கச் செய்வது. ஒரு மனிதன் லாக்கப்பில் அடிபடுவதைப் பார்க்க முடியாமல் நாம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் காட்சி அப்படியே நிற்க வேண்டும். அது யாரையும் மரத்துப்போகச் செய்வதில்லை.

நடப்பது தலைகீழ். விதி தாக்கத்தைப் பார்க்கச் சொல்கிறது, வாரியம் விநாடியை எண்ணுகிறது. தாக்கத்தை விவாதிக்க அரசியல் வேண்டும், விநாடியை எண்ண ஸ்டாப்வாட்ச் போதும்.

யாருடைய குழந்தை?

வாரியம் பேசுவதெல்லாம் குழந்தைகள் பெயரால். அந்தக் குழந்தை யார்? வன்முறையைத் திரையில்தான் முதன்முதலாகப் பார்க்கப் போகிற குழந்தை. வீட்டில், தெருவில், பள்ளியில் அதைக் கண்டிராத குழந்தை. அப்படிக் குழந்தைகள் இருக்கிறார்கள். ஆனால் இந்த நாட்டில் எந்தச் சாதியில், எந்தத் தெருவில் பிறந்தால் அப்படி இருக்க முடியும் என்று நமக்குத் தெரியும்.

‘ஜெயிலர்’ வெளியான நாள் 2023 ஆகஸ்ட் 10. அதற்கு முந்தைய இரவு நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் ஒரு தலித் மாணவனை அவன் வீட்டுக்குள் புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். வெட்டியவர்கள் அதே பள்ளியின் ஆதிக்கச் சாதி மாணவர்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் கையில் கட்டும் வண்ணக் கயிறுகள் முதல் பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளங்கள் வரை அகற்ற வேண்டும் என்றது.

படம் பார்த்துத்தான் அந்தப் பையன்கள் வெட்டினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது சோம்பேறித்தனம். வெட்டியது சாதி. அதற்கு எந்த டிக்கெட்டும் தேவைப்படவில்லை. நான் சொல்வது வேறு. அந்தப் பையன்களும், வெட்டுப்பட்ட அந்தப் பையனும், அந்தப் பள்ளியில் படித்த எல்லோரும் வளர்ந்தது அரிவாளைக் கொண்டாடி, அரிவாள் செய்வதை மறைக்கும் ‘யு’, ‘யு/ஏ’ திரைக்கு முன்னால். வெட்டுப்பட்ட கை திரும்ப எழுத எத்தனை மாதம் ஆகும், எத்தனை அறுவை சிகிச்சை வேண்டும், அந்த வீட்டின் தரையை யார் கழுவுவார்கள் என்பதை அந்தத் திரை சொன்னதில்லை. அதைச் சொல்ல முயலும் படங்களுக்கு ‘ஏ’ ஒட்டி, பதினேழு வயதுப் பிள்ளைகள் வரக்கூடாது என்று வாசலில் எழுதி வைக்கிறோம்.

வடசென்னை இளைஞர்களைக் கூலிப்படையாக்கும் அரசியலைப் பேசிய ‘வடசென்னை’க்கு (2018) ‘ஏ’. காவல் நிலையத்தில் பெண்களை நிர்வாணப்படுத்தும் அரசு வன்முறையைக் காட்டிய ‘விடுதலை’யின் (2023) முதல் பாகத்துக்கு ‘ஏ’, இரண்டாம் பாகத்துக்கும் ‘ஏ’. இந்தப் படங்களை ஏழு வயதுக் குழந்தைக்குக் காட்ட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் பதினாறு, பதினேழு வயதில் போலீஸ் வண்டியில் ஏற்றப்படுகிற பையன்கள் இருக்கும் தெருக்களில், போலீஸ் வண்டியைப் பற்றிய படம் மட்டும் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. அதே பையன், போலீஸ்காரர் என்கவுன்ட்டர் செய்து கைத்தட்டல் வாங்கும் படத்துக்குத் தாராளமாகப் போகலாம். அங்கே சுடப்படுகிறவனுக்கு முகம் இருக்காது, அதனால் சான்றிதழில் சிக்கலும் இருக்காது.

2023 சட்டத் திருத்தம் ‘யு/ஏ’வை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் வயதுப் பெட்டிகள் கூடியதால் அளவுகோல் மாறிவிடாது. மூன்று பெட்டியிலும் ரத்தத்தையே எண்ணினால், ரத்தத்தின் அளவுக்கு மூன்று விலை கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

சாதிப் பெயர் எப்போது ஆபாசமாகிறது?

ரத்தத்துக்கு நடப்பதுதான் சாதிப் பெயருக்கும் நடக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழுப் படம் தெரியும்.

அந்த 1991 நெறிகள் வந்த அடுத்த ஆண்டு, 1992-இல், ‘சின்ன கவுண்டர்’ வந்தது, ‘தேவர் மகன்’ வந்தது. சாதிப் பெயர் சுவரொட்டியிலேயே இருந்தது. அதில் எந்தச் சிக்கலும் வரவில்லை. பெருமையாகச் சொல்லும்வரை சாதிப் பெயர் பண்பாடு. குற்றச்சாட்டாகச் சொல்லும்போதுதான் அது ஒலி நீக்க வேண்டிய சொல்லாகிறது.

2025-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜோதிராவ், சாவித்ரிபாய் இணையரைப் பற்றிய இந்திப் படம் ‘புலே’. அதில் மஹர், மாங் போன்ற சாதிப் பெயர்களையும், மனுவின் சாதி அமைப்பு பற்றிய குறிப்பையும் நீக்கச் சொன்னது வாரியம். துடைப்பத்தைச் சுமந்து நடக்கும் மனிதனின் காட்சியை மாற்றச் சொன்னது. மூவாயிரம் ஆண்டு அடிமைத்தனம் என்ற வசனம், பல ஆண்டு அடிமைத்தனம் ஆனது. ஏப்ரல் 11-இல் வர வேண்டிய படம் 25-இல் வந்தது. சில மாதங்களில் நம் ‘பரியேறும் பெருமாள்’ இந்தியில் ‘தடக் 2’ ஆனது. ‘யு/ஏ 16+’, பதினாறு இடங்களில் மாற்றம். அங்கேயும் மூவாயிரம் ஆண்டு என்ற எண் போனது. வாரியத்துக்கு இந்த எண்ணின்மேல் அப்படி என்ன கோபம்? ஒரு சாதிவெறியனைக் கெட்டவனாகக் காட்டலாம். அவனுக்குப் பின்னால் மூவாயிரம் ஆண்டு வரலாறு இருக்கிறது என்று சொல்லக்கூடாது. வன்முறையில் காயத்தை நீக்கிவிட்டு அடியை வைத்துக்கொள்வதைப் போல, சாதியில் கட்டமைப்பை நீக்கிவிட்டு ஒரு தனிமனிதக் கெட்டவனை வைத்துக்கொள்கிறார்கள்.

சந்தியா சூரியின் ‘சந்தோஷ்’ இன்னும் மோசமான நிலை. ஒரு தலித் சிறுமியின் கொலையை விசாரிக்கும் பெண் காவலரின் கதை. 2024-இல் கான் விழாவில் திரையிடப்பட்டு, பிரிட்டன் சார்பில் ஆஸ்காருக்குப் போன படம். வாரியம் கேட்ட வெட்டுகளைச் செய்தால் படமே மிஞ்சாது என்றார் இயக்குநர். இந்தியத் திரையரங்குகளில் அது வரவில்லை. காவல்துறை வன்முறையும் சாதியும் ஒரே சட்டகத்துக்குள் வந்தால் எழுத்துகூடக் கிடைக்காது.

எல்லை தாண்டியும் இந்தக் கத்தரி வேலை செய்கிறது. ‘கபாலி’யின் முடிவு நினைவிருக்கும். திரை இருளாகிறது, துப்பாக்கிச் சத்தம் மட்டும் கேட்கிறது. என்ன ஆனது என்பதை நம்மிடம் விடுகிறார் ரஞ்சித். மலேசியாவில் திரையிடப்பட்ட வடிவத்தில், கபாலி காவல்துறையிடம் சரணடைந்துவிட்டான் என்று ஒரு வரி எழுத்து போட்டார்கள். ஒரே ஒரு வரி. தோட்டத் தொழிலாளர் வரலாற்றிலிருந்து எழுந்து வந்த மனிதனின் கதை அந்த வரியில் ஒரு போலீஸ் கோப்பாக முடிந்தது.

அப்படியானால் சான்றிதழே வேண்டாமா?

இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, சாதிவெறிப் படங்களையும் எந்த வெட்டும் இல்லாமல் விடச் சொல்கிறீர்களா என்று தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நம்மில் பலர் ‘திரௌபதி’ மாதிரியான படங்கள் வரும்போது வாரியம் என்ன செய்கிறது என்று கேட்டவர்கள்தான்.

இதற்கு ஒரு பழைய வழக்கை நினைவூட்டுகிறேன். இடஒதுக்கீட்டை எதிர்த்த ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்ற தமிழ்ப் படத்தின் ‘யு’ சான்றிதழை சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 1989-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. போராட்டம் வரும், கலவரம் வரும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துச் சுதந்திரத்தைப் பறிக்க முடியாது என்றது. படத்தைச் சாதாரண, பொது அறிவுள்ள மனிதரின் பார்வையில் மதிப்பிட வேண்டும், எதற்கெடுத்தாலும் புண்படுகிறவரின் பார்வையில் அல்ல என்றது. நமக்கு எதிரான படத்தைக் காப்பாற்றிய தீர்ப்பு அது. அதே தீர்ப்பு ‘புலே’வுக்கு ஏன் உதவவில்லை? மஹர் என்ற சொல்லைக் கேட்டுப் புண்படுகிறவர் யார்? வாரியம் மனதில் வைத்திருக்கும் அந்தச் ‘சாதாரண மனிதர்’ எந்தச் சாதி?

வாரியத்தின் கையில் இன்னும் பெரிய கத்தரியைக் கொடுத்தால் அது நம்மைத்தான் முதலில் வெட்டும். கண்ணெதிரே இத்தனை உதாரணங்கள் இருக்கின்றன. சாதிவெறிப் படத்துக்கு எதிரான போராட்டத்தை விமர்சனத்தில், மேடையில், மாற்றுப் படங்களில் நடத்துவோம். வயதுச் சான்றிதழ் இருக்கட்டும், பெற்றோருக்குத் தகவல் வேண்டும். வெட்டும் அதிகாரம்தான் போக வேண்டும். 2016-இல் ஷியாம் பெனகல் குழுவும் வாரியம் தரம் பிரிக்கும் அமைப்பாக இருக்க வேண்டும், வெட்டும் அமைப்பாக அல்ல என்ற திசையில்தான் பரிந்துரைத்தது.

அதுவரை நாம் கேட்க வேண்டியவை சில.

முதலாவது, பரிசோதனைக் குழுக்களில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற கேள்வி. ஆலோசனைக் குழு உறுப்பினர்களை ஒன்றிய அரசு நியமிக்கிறது. பெண்களுக்கு இடம் வேண்டும் என்று விதி சொல்கிறது. தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் இடம் வேண்டும் என்று எங்கே சொல்கிறது? ஒரு வசவுச் சொல் வன்மமாக வருகிறதா, சாட்சியமாக வருகிறதா என்று அதைக் கேட்டு வளர்ந்தவருக்குத் தெரியும்.

இரண்டாவது, காரணம் சொல்ல வேண்டும். எந்த ஷாட், எத்தனை விநாடி என்று எழுதினால் போதாது. வழிகாட்டு நெறியின் எந்தப் பகுதியின்படி, படத்தின் ஒட்டுமொத்தத் தாக்கத்தில் இது எப்படித் தீங்கு என்று எழுத வேண்டும். அதை எல்லோரும் படிக்க முடிய வேண்டும்.

மூன்றாவது, ‘ஏ’ ஒரு தண்டனையாக இருக்கக் கூடாது. இரவு பதினொரு மணிக்கு மேல் தொலைக்காட்சியில் காட்ட வழி செய்தாலே, காயத்தை மறைக்கும் பொருளாதாரக் கட்டாயம் பாதி குறையும்.

நான்காவது, மேல்முறையீடு. 2021 ஏப்ரலில் திரைப்படச் சான்றிதழ் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை ஒரே அவசரச் சட்டத்தில் கலைத்துவிட்டார்கள். இப்போது வாரியத்தை எதிர்க்க உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். ‘கூலி’யின் தயாரிப்பாளர் போவார். முதல் படம் எடுத்து வட்டி கட்டிக்கொண்டிருக்கும் ஒரு தலித் இயக்குநர் போக மாட்டார். வெளியீட்டுத் தேதி நெருங்கும்போது, கேட்ட வெட்டைச் செய்துவிட்டு வருவார்.

கடைசியாக ரசிகர்களான நமக்கு. நமக்குப் பிடித்த நடிகரின் படத்துக்கு ‘ஏ’ வந்தால் வாரியத்தைத் திட்டுகிறோம், ‘யு/ஏ’ வந்தால் டிக்கெட் எடுக்கிறோம். அடுத்த முறை ஒரு சண்டைக் காட்சியைப் பார்க்கும்போது அடிபட்டு விழுகிறவனைக் கொஞ்ச நேரம் பாருங்கள். எடிட்டர் எத்தனை ஃபிரேமில் அவனைக் கடந்து போகிறார் என்று எண்ணுங்கள். அவனுடைய நிறம், உடை, பேச்சு, அவன் வந்த தெரு ஆகியவற்றைக் கவனியுங்கள். பெரும்பாலும் அவன் நம் ஆளாக இருப்பான்.